மூன்று நாள் கியர் சர்வீஸ்

இந்தக் கதையை நான் நாலு வருஷமாக முழுசாக நம்பவில்லை. பொய் என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஓர் ஓட்டை இருந்தது, அவ்வளவுதான். நான் எதையும் சந்தேகப்படுகிறவன். கேஸை மூடினேனா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருவேன். திரும்பி வந்து பார்த்தேனா என்று ரயில்வே ஸ்டேஷனில் நின்று யோசிப்பேன். ஐம்பத்து நாலு வயதில் இதை இனிமேல் மாற்ற முடியாது.

கதை எங்கள் தெருக்காரர் நல்லகாமனுடையது. ஆனையூரில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி அவர் வீடு. எனக்குச் சொன்னவள் என் மனைவி சரண்யாதேவி. அவளுக்குச் சொன்னவள் நல்லகாமனின் மனைவி நாகஜோதி. சம்பந்தப்பட்ட ஆண்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. சரண்யா இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரே இடத்தில் சிரிப்பாள். அந்த இடத்தில்தான் ஓட்டை இருந்தது.

நல்லகாமனுக்குச் சமயநல்லூரில் பம்புசெட் கடை. முப்பது வருஷமாக மோட்டார் விற்கிறவர். பாதாளத்திலிருந்து தண்ணீரை மேலே இழுக்கத் தெரிந்தவனுக்குத் தரையில் ஓடுகிற கார் எம்மாத்திரம் என்பது அவர் கட்சி. ஆனால் அவர் முதலில் வாங்கிய கார் அந்தக் கட்சியில் சேரவில்லை. செல்லூர்ப் பாலத்து ஏற்றத்தில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவில் அவர் கால் தடுமாற, வண்டி பின்னாலேயே உருண்டு ஓர் இளநீர் வண்டியின் மேல் சாய்ந்தது. இளநீர்க்காரர் திட்டியது பாலத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்டதாம். அடுத்த மாதமே நல்லகாமன் கிளட்ச் இல்லாத வெள்ளை ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினார்.

வீட்டில் சொன்ன காரணம் வேறு.

"இது மூளை உள்ள வண்டி ஜோதி. கியரை அதுவே மாத்திக்கிரும்."

"அப்ப நானே ஓட்டலாம்ல? காலுக்கு ரெண்டு பெடல்தான இருக்கு?"

"நீ மிதிச்சா கியர்பாக்ஸ் கருகிரும்."

"மிதிக்கிறது ஆம்பளையா பொம்பளையான்னு அதுக்கு எப்புடித் தெரியும்?"

"அதான் சொன்னேன்ல, மூளை இருக்குன்னு."

அன்றைக்கே அவர் ஒரு தீர்மானம் எடுத்தார். உயிருள்ளவரை இந்த ஸ்டியரிங்கை வேறு கை தொடக் கூடாது. தீர்மானத்தோடு நிறுத்தாமல் காவலும் போட்டார். தினமும் சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் கிலோமீட்டரைப் பார்ப்பார். கரண்டு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதுவார். மறுநாள் காலையில் வண்டி எண்ணையும் சுவர் எண்ணையும் ஒத்துப் பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்புவார். கடைக்குப் பஸ்ஸில் போகிற நாளிலும் இந்தச் சோதனை தவறாது. இரண்டு வருஷத்தில் ஒரு கிலோமீட்டர்கூட இடித்ததில்லை.

வண்டி அப்படி ஓடிக்கொண்டிருந்தது. பிரச்சினை பிளக்ஸில் வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதனுக்கு எவ்வளவு மரியாதை என்பது பிளக்ஸில் தெரிந்துவிடும். நாகஜோதியின் தம்பி விருமாண்டி செக்கானூரணியில் வீடு கட்டிப் பால் காய்ச்சினார். வாசலில் இருபதடிக்குப் பிளக்ஸ். சொந்தக்காரர் அத்தனை பேர் முகமும் அதில் இருந்தது. நல்லகாமனின் சகலை வெள்ளைத்துரை, கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, காளைமாட்டுத் தலையளவுக்கு நடுவில் நின்றார். நல்லகாமன் தன்னைத் தேடினார். மேல் வரிசையில் இல்லை. நடு வரிசையில் இல்லை. கீழே இடது மூலையில், பந்தல்காரர் போன் நம்பருக்குப் பக்கத்தில், மசால்வடை அளவுக்கு இருந்தார். போதாததற்குப் பிளக்ஸைக் கம்பில் அடித்த ஆணி சரியாக அவர் நெற்றியில் இறங்கியிருந்தது.

"மூத்த மாப்பிள்ளை நெத்தியில ஆணியடிச்சுட்டானுக" என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று உள்ளுக்குள் இரண்டாவது தீர்மானம் எடுத்தார். தீர்மானம் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

எட்டு மாதம் கழித்து விருமாண்டியின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. தை மாதம், வெள்ளிக்கிழமை. முதல் பெண் குழந்தை. அத்தை சீர் கொண்டுபோக வேண்டியவள் நாகஜோதி. பழம், பாவாடை, வளையல், அதிரசம் என்று இருபத்தொரு தட்டு. பத்து நாளாக வீட்டில் அதே பேச்சு.

"இருபத்தொரு தட்டையும் தூக்கிக்கிட்டு டவுன் பஸ்ல ஏற முடியாதுங்க. நம்ம கார்லதான் போகணும்."

"போவோம் போவோம்."

"இல்லேன்னா வாடகைக் கார் சொல்லவா?"

நல்லகாமனுக்குச் சுருக்கென்றது. "சொந்தக் கார் வாசல்ல நிக்கையில வாடகைக் கார்லயா? உன் தம்பி ஊர் என்ன நெனைக்கும்? நம்ம வண்டி போகும், இல்லேன்னா நாம போகல."

இப்படி ஒரு கதவை அடைத்தார். இன்னொரு கதவு பாக்கி இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு நம்ம வண்டி போகக் கூடாது. புதன்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு பாதுஷாவின் ஒர்க் ஷாப்புக்குப் போனார்.

பாதுஷா ஆனையூர் மெயின் ரோட்டில் இருக்கிறார். கை சுத்தம், வாய் மட்டும் சும்மா இருக்காது. என்னிடமும் அதே வெள்ளை மாடல் வண்டிதான். நல்லகாமனைப் பார்த்து நானும் வாங்கினேன். வாரம் முழுக்க அது உறை போட்டுத்தான் நிற்கும், ஏனென்றால் நான் திண்டுக்கல்லுக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவன். சர்வீஸுக்கு விடுவதெல்லாம் சரண்யா போன் பண்ணிப் பேசி ஏற்பாடு செய்வதோடு சரி. ஒருமுறை நானே எடுத்துப் போனபோது பாதுஷா என் வண்டியின் கியர் ஆயிலைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, புதுசா ஓட்டிப் பழகுறவுக கையில சிக்குன வண்டி மாதிரி இருக்கு" என்றார். இருபது வருஷமாக ஓட்டுகிறவனைப் பார்த்து! இரண்டு மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. அது கிடக்கட்டும்.

"வாங்கண்ணே, வண்டியில எதுவும் சத்தமா?" என்றார் பாதுஷா.

"சத்தம் இல்ல. ஆனா இருக்குன்னு வச்சுக்க" என்றார் நல்லகாமன்.

"புரியலண்ணே."

"மூணு நாளைக்கு வண்டி இங்க கெடக்கணும். கியர்பாக்ஸப் பிரிச்சுப் போட்டிருக்குன்னு என் வீட்ல சொல்லணும்."

"பிரிக்காமயேவா?"

"பிரிக்காமயே."

பாதுஷா இரண்டு காதையும் தொட்டுக்கொண்டார். "அல்லாவே! நாளன்னைக்கு ஜும்மாண்ணே. அக்காகிட்ட என்னால பொய் சொல்ல முடியாது. அது கெடக்கட்டும், வண்டி எம்புட்டு ஓடியிருக்கு?"

"அம்பத்தொம்பதாயிரத்து நானூத்திப் பன்னெண்டு." நல்லகாமன் மீட்டரைப் பார்க்காமலே சொன்னார்.

"கியர் ஆயில் எப்ப மாத்துனது?"

"அத மாத்தவே வேணாமாம். ஆயுசுக்கும் வரும்னு வித்தவரு சொன்னாரு."

"யாரு ஆயுசுக்கு? வண்டியோட ஆயுசுக்கா, இல்ல அவரு வித்துப்புட்டு வீடு போய்ச் சேர்ற வரைக்குமா?"

பாதுஷா வண்டியைச் சமதரையில் நிறுத்தினார். இஞ்சினை ஓடவிட்டார். அளவு பார்க்கிற குச்சியை உருவி, ஒரு வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டார்.

"பாத்துக்கங்க. புதுசுல இது ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி செவப்பா இருக்கும். இப்பக் கருப்பட்டிக் காப்பி ஆயிருச்சு. ஆனா ஓரத்துல செவப்பு இன்னும் மிச்சமிருக்கு, தீஞ்ச வாடையும் இல்ல. நல்ல நேரத்துலதான் வந்திருக்கீக. அறுபதாயிரம், இல்லேன்னா நாலு வருசம், இதுல எது முன்னாடி வருதோ அதுல மாத்திரணும். நம்ம ஊரு வெயில்ல சிக்னலுக்குச் சிக்னல் ஊர்ற வண்டின்னா நாப்பதாயிரத்துலயே மாத்துறது நல்லது."

நல்லகாமனின் முகம் மலர்ந்தது. பொய்யே தேவையில்லை! உண்மையே தனக்காக வேலை செய்யக் காத்திருக்கிறது.

"அப்ப மூணு நாள் ஆகும்ல?"

"நாளைக்குப் பதினோரு மணிக்கு முடிஞ்சிரும்ணே."

"அவசரப்படாத பாதுஷா. நிதானமாச் செய்யி."

"நிதானமாச் செஞ்சாத்தான் நாளைக்கி. ஒருக்காத் தொறந்தா பாதி ஆயில்தான் எறங்கும், மிச்சம் உள்ளுக்குள்ளயே நிக்கும். கீழ்த்தட்டக் கழட்டி, வடிகட்டிய மாத்தி, அடியில இருக்கிற காந்தத்தத் தொடைக்கணும். காந்தத்துல மை மாதிரி ஒட்டியிருந்தா பயமில்ல. இரும்புத் துண்டாக் கெடந்தாத்தான் வயித்தக் கலக்கும். அப்புறம் இந்த வண்டிக்குன்னு இருக்கிற ஆயில ஊத்தி, கொஞ்சம் ஓட்டி, மறுக்கா வடிச்சு, மறுக்கா ஊத்தணும். கடைசியா வண்டி பதமாச் சூடானதும் அளவு பாக்கணும். அம்புட்டும் சேத்துத்தான் சொல்றேன்."

"சரி. முடிச்சாலும் இங்கயே கெடக்கட்டும். நான் சனிக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்."

"அது உங்க இஷ்டம்ணே. வேலை முடிஞ்சா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிருவேன், அது எங்க வழக்கம். நம்பர் சொல்லுங்க."

இங்கேதான் நல்லகாமன் விழுந்தார். கடன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்று கேட்கிற போன்களுக்குப் பயந்து அவர் தன் நம்பரை எங்கேயும் கொடுப்பதில்லை. கேஸ், ரேஷன், கரண்டு பில், இரத்தப் பரிசோதனை, எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர்தான். பத்து வருஷமாகப் பழகிய வாய். நினைக்கிறதற்குள் கடகடவென்று பத்து இலக்கத்தையும் ஒப்பித்துவிட்டது. அது நாகஜோதியின் நம்பர்.

தான் செய்தது தெரியாமல், கொடி நாட்டியவர் போல நடந்தார். பாதுஷாவின் வெள்ளைத் துணி அவருக்கு ஒரு யோசனையைக் கொடுத்திருந்தது. சாட்சியம் வேண்டும். கடைக்குப் போனதும் ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு டீசல் இஞ்சினிலிருந்து கன்னங்கரேலென்ற கழிவு ஆயிலைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போச்சு ஜோதி. எல்லாம் போச்சு."

"யாருங்க?"

"கியர்பாக்ஸு."

"ஆத்தாடி! நான் உங்க சித்தப்பாவோன்னு பதறிட்டேன்." நாகஜோதி அதிரசம் சுட்டுக்கொண்டே கேட்டாள். "என்ன செஞ்சுச்சு? D-ல போட்டதும் உடனே புடிச்சுச்சா, இல்ல ரெண்டு செகண்டு யோசிச்சுச்சா?"

நல்லகாமன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "யோசிச்சுச்சு. ரொம்ப யோசிச்சுச்சு."

"ரிவர்ஸ்ல?"

"அதுலயும் யோசிச்சுச்சு."

"கியர் மாறுறப்ப பின்னாலருந்து ஒருத்தன் புடிச்சுத் தள்ளுன மாதிரி குலுங்குச்சா?"

"ஒருத்தன் இல்ல, நாலு பேரு தள்ளுனானுக."

"சத்தம் விசில் மாதிரியா, மாவு அரைக்கிற மாதிரியா?"

"ரெண்டும்தான். விசிலடிச்சுக்கிட்டே அரைச்சுச்சு."

நாகஜோதி கரண்டியை நிறுத்தினாள். "ஆயில் என்ன நெறத்துல இருந்துச்சு?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். பாட்டிலை எடுத்து, நீதிபதிக்கு முன்னால் வைப்பதுபோல் மேஜையில் வைத்தார். "நீயே பாரு. எப்புடிக் கருகிப்போய்க் கெடக்குன்னு."

அவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். பேப்பர் துண்டு ஒன்றைக் கிழித்து ஒரு சொட்டு விட்டாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். நடுவிலும் கருப்பு. ஓரத்திலும் கருப்பு. சிவப்புக்குச் சொந்தக்காரன்கூட அந்தப் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை.

"அடப் பாவமே" என்றாள்.

கதையைச் சொல்லும் சரண்யா இங்கே கொஞ்சம் நிறுத்துவாள். "அந்த 'அடப் பாவமே' ஆயிலுக்கு இல்லைங்க" என்பாள்.

"மூணு நாளாச்சும் ஆகுமாம்" என்றார் நல்லகாமன். "பாதுஷா ரொம்ப வருத்தப்பட்டாப்ல."

"அப்ப வெள்ளிக்கெழம?"

"என்ன செய்ய? என் கையில என்ன இருக்கு? எனக்கும் எம்புட்டு ஆசை தெரியுமா? புள்ள காதுல கம்மல் ஏறுறதக் கண்ணால பாக்கணும்னு இருந்தேன்." ஆசையைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் பொருந்தும் என்று அவருக்குப் பட்டது. "நம்ம வண்டி மட்டும் வெள்ளிக்கெழமை காலையில வாசல்ல வந்து நின்னுச்சுன்னு வையி, மொத ஆளா நான்தான் ஏறி உக்காருவேன்."

"நெசமாவா?"

"அட, நெசமாத்தான்."

"பாண்டி முனி மேல சத்தியமாச் சொல்லுங்க."

மதுரைக்காரன் கோர்ட்டில் பொய் சொல்வான். பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்வான். பாண்டி முனி மேல் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டான். நல்லகாமன் ஒரு கணம் கணக்குப் போட்டார். சாவி ஒர்க் ஷாப்பில். சனிக்கிழமை வரை வண்டி அங்கேதான். இந்தச் சத்தியத்தில் பொய்யே இல்லை.

"பாண்டி முனி மேல சத்தியமா. வண்டி வாசலுக்கு வந்தா நான் ஏறி உக்காந்து செக்கானூரணிக்கு வருவேன். போதுமா?"

"போதும்" என்றாள் நாகஜோதி. அடுத்த அதிரசத்தை எண்ணெயில் போட்டாள்.

மறுநாள் வியாழன், பதினோரு மணிக்கு அவள் போனில் ஐந்து போட்டோ வந்து விழுந்தது. கருப்பட்டிக் காப்பி நிறத்துப் பழைய ஆயில். மை ஒட்டிய காந்தம். புது வடிகட்டி. ரோஸ்மில்க் நிறத்துப் புது ஆயில். ஐந்தாவதில் கழுவித் துடைத்த வண்டி. கீழே பாதுஷா எழுதியிருந்தார்: 'வண்டி ரெடி அண்ணே. கியர்பாக்ஸ் கல்லு மாதிரி இருக்கு. சனிக்கிழமை வரைக்கும் நிக்கணும்னு சொன்னீங்க, நிக்கட்டும்.'

நாகஜோதி மூன்று தடவை படித்தாள். பிறகு சாயங்காலம் வரை ஒன்றும் தெரியாதவளாகத் தட்டுகளுக்குக் கலர்த்தாள் சுற்றினாள். கணவர் கடையிலிருந்து வந்து, பெருமூச்சோடு, "பாவம், உன் தம்பி ஏமாந்து போவான்" என்று சொன்னபோது, "என்ன செய்யிறது, விதி" என்று அவளும் பெருமூச்சு விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை. நல்லகாமன் நிம்மதியாகக் குளித்து, சட்டை போடாமல் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் நாகஜோதியைக் காணோம். கோயிலுக்குப் போயிருப்பாள், மனசு கஷ்டம் இருக்கும்தானே என்று இரக்கப்பட்டார். இன்னொரு இட்லி வைத்துக்கொண்டார்.

வாசலில் ஹார்ன் அடித்தது.

பழக்கமான ஹார்ன். கையில் சட்னியோடு எட்டிப் பார்த்தார். வெள்ளைக் கார் நின்றது. அவர் கார். முன்னால் எலுமிச்சம்பழம், பானட்டில் சந்தனப் பொட்டு. ஸ்டியரிங்குக்குப் பின்னால் பட்டுப்புடவையில் நாகஜோதி.

அவர் உடம்பு அவருக்கு முன்னால் முடிவெடுத்தது. இடது கை தானாக இடுப்புக்குப் போனது.

"ஐயோ, ஜோதி. காலையிலருந்து இடுப்பு புடிச்சுக்கிருச்சு. வண்டி வந்து என்ன செய்ய? என்னால ஓட்ட முடியாதே."

"ஓட்டுறேன்னா சத்தியம் பண்ணீக? ஏறி உக்காருறேன்னுதான பண்ணீக? வாங்க, உக்காருங்க."

"வண்டிய யாரு கொண்டாந்தா? பாதுஷாவா?"

"நான்தான்."

"நீ... ஒனக்கு... லைசென்ஸு?"

அவள் பர்ஸைத் திறந்து அட்டையைக் காட்டினாள். "போன ஆடியில எடுத்தது. ஆடியில நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாதுன்னு நீங்க வீட்டுக்கு வெள்ளையடிக்கிறதத் தள்ளிப்போட்டீகள்ல, அப்பக் கையில நெறைய நேரம் இருந்துச்சு."

நல்லகாமன் இட்லிக் கையோடு சுவருக்கு ஓடினார். பென்சில் கோடுகளை மேலிருந்து கீழே பார்த்தார். ஆடி, ஆவணி, புரட்டாசி. எல்லாம் ஒத்துப்போனது. ஒரு கிலோமீட்டர் கூடவில்லை. அவள் இந்த வண்டியை ஒருநாள்கூடத் தொடவில்லை. அப்படியானால் எப்படிப் பழகினாள்?

"எந்த வண்டியிலடி பழகுன?" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

"ஏறுங்க, நல்ல நேரம் போகுது."

இங்கேதான் சரண்யா சிரிப்பாள். இங்கேதான் என் ஓட்டையும். "ஆமா, எப்படித்தான் பழகினா?" என்று நானும் நாலு வருஷமாகக் கேட்டிருக்கிறேன். "ஆட்டோமேட்டிக் வண்டிதானங்க, தானா வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். டிரைவிங் ஸ்கூல் வண்டி எங்கள் தெருவுக்கு வந்ததே இல்லை. ஆயில் நிறமும் கியர் யோசிப்பதும் அதிரசம் சுடுகிற பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது? என்னைப் போன்ற ஆளை இது எப்படி அரிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பின் சீட்டு முழுக்க இருபத்தொரு தட்டு. முன் சீட்டில் நல்லகாமன், மடியில் அதிரசப் பாத்திரம். நாகஜோதி வேண்டுமென்றே செல்லூர்ப் பாலத்து வழியாகப் போனாள். ஏற்றத்தின் நடுவில் நெரிசல். வண்டி நின்றது. நல்லகாமன் கண்ணை மூடிக்கொண்டார். அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி ஓர் அங்குலம் பின்னால் போகவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் கியர் மாறி, ஏறிக்கொண்டே போனது. ஓரத்தில் நின்ற இளநீர்க்காரர் வண்டியை அடையாளம் கண்டு ஒதுங்கினார். ஓட்டுவது யாரென்று பார்த்துவிட்டு மறுபடியும் பழைய இடத்துக்கே வந்து நின்றார்.

செக்கானூரணி மண்டபத்து வாசலில் பிளக்ஸ். இந்தமுறை முப்பதடி. நல்லகாமன் பழக்க தோஷத்தில் கீழே இடது மூலையைப் பார்த்தார். அங்கே வெள்ளைத்துரை இருந்தார், மசால்வடை அளவுக்கு. நடுவில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நாகஜோதி சிரித்தாள். பிளக்ஸ் அடித்தவர் நல்லகாமனின் பாஸ்போர்ட் போட்டோவைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கியிருந்தார். பெரிதாக்கி, அந்தக் காரின் பின் சீட்டில் ஒட்டியிருந்தார்.

"மச்சான், இந்தவாட்டி உங்க படத்தப் பெருசாப் போடச் சொல்லி அக்கா கண்டிசனாச் சொல்லிருச்சு" என்று விருமாண்டி மாலையோடு வந்தார். "திங்கக்கெழமையே அடிச்சு வாங்கியாச்சு."

நல்லகாமன் விரல் விட்டு எண்ணினார். திங்கள், செவ்வாய், புதன். தன் திட்டம் பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அவள் டிரைவராகிவிட்டாள். கியர் பெட்டி அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் எந்தத் திட்டத்தோடு வந்திருந்தாலும் பின் சீட்டு தயாராக இருந்தது.

சரண்யா சொன்ன கதை இவ்வளவுதான். பிளக்ஸில் என்ன படம் என்று விவரமாகக் கேட்டால், "ஏதோ கார்ல உக்காந்த படம்" என்பதோடு முடித்துக்கொள்வாள். பின் சீட்டு விஷயம் நல்லகாமனே ஒருநாள் என்னிடம் மனம் வெதும்பிச் சொன்னது.

போன மாதம் ஒரு துக்கத்துக்காகச் செக்கானூரணி பக்கம் போனேன். டீ குடிக்க நிறுத்திய இடத்தில் ஓர் ஆட்டுக் கொட்டில். எங்கள் பக்கத்தில் விசேஷம் முடிந்த பிளக்ஸுக்கெல்லாம் அதுதான் ஓய்வுகாலம்: கொட்டிலுக்குக் கூரையாகும், இல்லாவிட்டால் தடுப்பாகும். இரண்டு கிடாய்களுக்கு நடுவிலிருந்து நல்லகாமன் என்னைப் பார்த்தார், பூசணிக்காய் அளவில். கிட்டப் போனேன்.

வெயிலில் சிவப்பும் மஞ்சளும் போய்விட்டன. நீலம் மட்டும் அப்படியே இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த நாகஜோதிக்கு முன்னால், கண்ணாடியிலிருந்து ஒரு நீலப் பாசிமணிக் கிளி தொங்கியது. என் மகள் காலேஜுக்குப் போகுமுன் தன் கையால் கோத்து எங்கள் வண்டியில் மாட்டிய கிளி. பக்கத்துச் சீட்டில் இருந்த ஆளைப் பிளக்ஸ்காரர் வெட்டிவிட்டார். கையை மட்டும் மறந்துவிட்டார். அந்தக் கை, வாத்தியார்கள் பிடிப்பதுபோல, ஹேண்ட் பிரேக்கைத் தயாராகப் பிடித்திருந்தது. கையில் இருந்த வளையல் எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

வீட்டுக்கு வந்தேன். சரண்யா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "ஏங்க, நாளைக்கு மார்க்கெட்டுக்கு என்னையக் கொஞ்சம் கார்ல கூட்டிட்டுப் போறீகளா? எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே" என்றாள்.

நாலு வருஷமாகக் கேட்க நினைத்த கேள்விக்குக் கிளி பதில் சொல்லிவிட்டது. அதனால் வேறு ஒன்று கேட்டேன்.

"சரண்யா, நாகஜோதிக்கு நம்ம வண்டியில நீ சொல்லிக் குடுத்த, சரி. ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"